இன்றைக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

குழந்தை வளர்ப்பு என்கிற இந்த வேலையில் பால் கொடுப்பது பழகிவிடும், தூங்க வைப்பதும் ஒரு மாதிரி பழகிவிடும், ‘இன்றைக்குக் குளிப்பாட்டலாமா?’ என்ற கேள்வி மட்டும் தினமும் காலையில் புதிதாகப் பல் முளைத்து வரும்.

தும்மினால் ஊற்றலாமா? தும்மல் நின்று மூக்கு மட்டும் ஒழுகினால்? தடுப்பூசி போட்ட அன்று? காய்ச்சல் விட்ட மறுநாள்? வீட்டில் நாயும் இருந்தால் இதே கேள்விகளை அதற்கும் ஒரு சுற்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கும் சக அம்மாக்களே, இது உங்களுக்காக. என் மகள் மித்ரா தூங்கிவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன், சூடு இல்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பிக்கிறேன்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். திங்கட்கிழமை பிரேயரில் வரிசையாக நிற்க வைத்து நகம் பார்ப்பார்கள் சிஸ்டர்கள். அழுக்காக இருந்தால் சாமிக்கே பிடிக்காது என்று நம்பி வளர்ந்தவள், பெற்ற பெண்ணைக் குளிப்பாட்டப் பயந்து கிடந்தேன். மந்தைவெளியில் வீடு. கூட மாமனார் இருக்கிறார். மூன்று வேளையும் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். மாமியார் என் நாத்தனாரின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருக்கிறார். போயிருக்கிறார் என்று பெயர்தான், போனில் இங்கேதான் இருக்கிறார்.

ஈரத்துணி

மித்ராவுக்கு ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு, நெற்றியையும் கைகாலையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி கழுத்துக்குப் போன நேரம் பார்த்து அவள் கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் பார்க்கவே வேண்டாம். மாமனார் ஜபத்திலிருந்து எழுந்து ஓடிவந்து, பீரோ சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்தார். இரும்பு பட்டால் நிற்குமாம். நின்றது. அது தானாகவே நிற்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். சாவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, மாமனாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆழ்வார்பேட்டையில் இருக்கும் எங்கள் குழந்தை டாக்டர் எதற்கும் அவசரப்படாத மனிதர். சின்னக் குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் எந்தச் சேதமும் இல்லாமல் போய்விடும், வளர வளர நின்றுவிடும் என்றார். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீரில் இறக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நான் துடைத்ததால்தானே வந்தது என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். வார்த்தையை மாற்றிப் போட்டு மறுபடியும் அதையே கேட்டேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“ஈரத்துணி குற்றவாளி இல்லம்மா, சாட்சி. சம்பவம் நடந்தப்ப அங்க இருந்துச்சு, அவ்வளவுதான்.”

தள்ளி உட்காரும் பிள்ளைகள்

அவர் சொன்னது என் தலைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே எனக்கு விரல் சில்லிட்டுவிடும். மித்ரா நன்றாக இருக்கும் நாட்களில் மாமனாரை பாத்ரூம் வாசலில் காவலுக்கு நிற்க வைத்துவிட்டு அவசர அவசரமாக ஊற்றி எடுப்பேன். ஒரு தும்மல் போட்டால் போதும், அன்றைய குளியல் ரத்து. சாதாரண ஜலதோஷத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினால் ஒன்றும் ஆகாது, மூக்கடைப்புக்கு நல்லதுகூட என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, அவர் வீட்டு வாளியா?

போன கோடையில் மித்ராவுக்கு ஒரு ஜலதோஷம் பிடித்து, விடாமல் இழுத்துக்கொண்டே போனது. நானும் குளியலை விடாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். மே மாதத்துச் சென்னை. கழுத்து மடிப்பில் வேர்க்குரு, தலையில் பிசுக்கு. பவுடரைக் கொட்டி, சட்டையை மாற்றி, அடையாறில் இருக்கும் ப்ளே ஸ்கூலுக்கு அனுப்பிவிடுவேன். அங்கே மித்ராவின் மிஸ் ரொம்ப நாசூக்கானவர். ஒரு நாள் போன் செய்து, மித்ரா பாட்டு நன்றாகப் பாடுகிறாள் என்றார், கலர் எல்லாம் சொல்கிறாள் என்றார், டிபனைச் சிந்தாமல் சாப்பிடுகிறாள் என்றார். எதற்காக இத்தனை புகழ்ச்சி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது விஷயத்துக்கு வந்தார்.

“மித்ரா கிட்ட ஒரு குறையும் இல்ல மேடம். பக்கத்துல இருக்கிற பசங்கதான் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்றாங்க.”

வேஷ்டிப் பையில் வந்தவன்

மாமனார் ஒரு மழை நாளில் வேஷ்டி வாங்க தி. நகர் போனார். திரும்பி வரும்போது வேஷ்டி கையில் இருந்தது, கடைப் பைக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது. நின்றிருந்த காருக்கு அடியில் கிடந்து கத்தியதாம். இரண்டு பேர் தாண்டிப் போனார்களாம், மூன்றாவதாக இவர். மடி, ஆசாரம் என்று துவைத்த துணியைக்கூடக் குச்சியால் எடுப்பவர், சேற்று நாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வால் சுருட்டிக்கொண்டு இருந்ததால் அதற்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தாள் மித்ரா.

எனக்கு உடனே அதைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். பெண்ணைக் குளிப்பாட்டப் பயப்படுகிறவளுக்கு நாய் விஷயத்தில் எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. மித்ராவின் ஷாம்பூவை எடுத்துக்கொண்டு நிற்கும்போது, எதற்கும் கேட்டுவிடலாம் என்று மயிலாப்பூரில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். சின்ன வயதுப் பெண். குட்டியின் ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இவ்வளவு மெலிந்த குட்டியை இப்போது நனைக்கக் கூடாது, உடம்பு சில்லிட்டால் தாங்காது என்றார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போகத் துவட்டி, கதகதப்பாக வைத்துக்கொண்டால் போதும். தடுப்பூசிகள் முடிந்து தேறட்டும், அப்புறம் முழுக் குளியல். அதுவும் நாய்க்கென்று விற்கும் ஷாம்பூவில்தான், மனிதர்கள் போடுவது ஆகாது. இத்தனை அழுக்கோடு எப்படி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

“அழுக்கால அவனுக்கு ஒண்ணும் ஆகாது மேடம், குளிரால ஆகும். அழுக்கு உங்க பிரச்சினை.”

வேப்பிலை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மித்ராவுக்கு மூன்று வயது முடிந்த சமயம், ஒரு காலையில் உடம்பு கொதித்தது. நான் மருந்தைக் கொடுத்துவிட்டு, கை இழுக்கிறதா கால் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலிப்பு வரவில்லை. மறுநாள் வயிற்றில் சிவப்பாக ஒரு புள்ளி, அதன் தலையில் நீர் கோத்து ஒரு முத்து. சாயங்காலத்துக்குள் முதுகு முழுக்க முத்து. அம்மை.

சின்ன வயதில் அம்மை வராதவரான என் கணவர் வேளச்சேரியில் நண்பர் வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பப்பட்டார். எனக்கும் மாமனாருக்கும் முன்பே வந்து போனது. மாமனார் பெங்களூருக்குப் போன் போட்டு, மாமியார் சொல்லச் சொல்லச் சட்டங்களை அமல்படுத்தினார். வாசலில் வேப்பிலை. தாளிக்கக் கூடாது. விருந்தாளி கூடாது. வீட்டில் ஒருவரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, சோப்பு ஷாம்பூ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முத்துக்கள் காய்ந்த பிறகு மாமியார் சொல்லும் நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைக் குழந்தையின் தலைக்கு விட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஜலம் விடறது’ என்று பெயர். அது வரைக்கும் பொட்டுத் தண்ணீர் மேலே படக் கூடாது.

டாக்டர் போனில் நேர் எதிராகச் சொன்னார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் குளிப்பாட்டுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அரிப்புக்கு இந்த லோஷன். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரின் சட்டம் ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் மறுப்பு எழுதியவள் நான். இந்த ஒரு முறை மட்டும் முழுமனதோடு அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். என் பயத்துக்குச் சாஸ்திரத்தின் ஆதரவு கிடைத்தால் யார் விடுவார்கள்? பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியிடம் டாக்டர் சொன்னதைச் சும்மா சொல்லிப் பார்த்தேன். அவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“டாக்டரு போன வச்சிட்டு வேற வேலய பாக்க பூடுவாரு. ஆத்தா வூட்டுக்குள்ள வந்து குந்திகினு கீறா. அவளுக்கு நீயாக்கா பதில் சொல்லுவ?”

ஜாங்கிரி மனுஷாளா?

இதற்கு நடுவில் ஜாங்கிரிக்குத் தோலில் பொரிப்பொரியாக வந்திருந்தது. கால்நடை டாக்டர் மருந்து ஷாம்பூ ஒன்று எழுதிக் கொடுத்து, வாரம் இரண்டு முறை குளிப்பாட்டச் சொல்லியிருந்தார். போட்ட உடனே அலசிவிடக் கூடாது, பத்து நிமிடம் உடம்பில் ஊற வேண்டும். இப்போதோ வீட்டில் ஷாம்பூவே கூடாது. ஒரு பக்கம் பாயில் படுத்து மித்ரா சொறிந்துகொள்கிறாள், இன்னொரு பக்கம் பால்கனியில் ஜாங்கிரி சொறிந்துகொள்கிறான். நடுவில் நான் இருவர் கையையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமனாருக்கு நாய் அவதிப்படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு, சட்டம் நாய்க்குப் பொருந்துமா என்று கேட்டார். அவர் கேட்ட விதம், ஏதோ அலுவலகத்தில் மேலதிகாரியிடம் விளக்கம் கோருவது மாதிரி இருந்தது. வாயில்லா ஜீவன், அதற்கு மடி ஏது, விழுப்பு ஏது என்று வாதம் வேறு. ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் கொஞ்சமும் பிசகாமல் வந்தது.

“அது நம்மாத்து மனுஷாள்னா ஷாம்பூ போடப்படாது. மனுஷாள் இல்லேன்னா, அது ஏன் உங்க கட்டில்ல படுத்துண்டிருக்கு?”

பள்ளம் பார்த்து

மித்ராவின் காய்ச்சல் இறங்கியது. முத்துக்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக் காய ஆரம்பித்தன. மாமியார் ஞாயிற்றுக்கிழமை ஜலம் விடலாம் என்று நாள் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பாவாடையை விலக்கிப் பார்த்தால், தொடையில் ஒரு கொப்புளம் மட்டும் காயாமல் இருந்தது. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. நடுவில் மஞ்சளாகச் சீழ். நெற்றியைத் தொட்டேன். போன காய்ச்சல் திரும்பி வந்திருந்தது.

எனக்கு ஈரத்துணியும் மேலே சொருகிய அந்தக் கண்ணும்தான் ஞாபகம் வந்தன. இது வலிப்பில் கொண்டுபோய் விடுமா, இல்லை இந்தச் சீழ் உள்ளே இறங்கிவிடுமா? எதைச் செய்தாலும் தப்பாகும், செய்யாமல் விட்டாலும் தப்பாகும் என்று தோன்றியது. மாமனார்தான் முதலில் செருப்பைப் போட்டார். கீழே போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினார். நான் குழந்தையோடு ஏறுவதற்கு முன்னால் ஓட்டுநரிடம், அண்ணா, இவளுக்கு அம்மை, உங்களுக்கு வந்திருக்கிறதா, இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். அவர் சின்ன வயதிலேயே வந்து போனது என்று சொல்லி, சீட்டின் மேல் தன் துண்டை விரித்தார்.

மந்தைவெளியிலிருந்து ஆழ்வார்பேட்டை வரை மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் ரோட்டில் அவர் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. வண்டியை நீவிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டியபோதும் வேகம் கூட்டவில்லை. எனக்கு வேகமாகப் போனால் தேவலை என்று இருந்தது. கொஞ்சம் சீக்கிரம் அண்ணா என்றேன். அவர் கண்ணாடியில் மித்ராவைப் பார்த்தார்.

“பொறுமையா இட்டுனு போறேன்மா. ஆத்தா உள்ள குந்திகினு கீது. பள்ளத்துல உட்டுக் குலுக்குனா நாளைக்கு என்னத்தான கேக்கும்?”

ஆட்டோவில் ஒரு கிளினிக்

டாக்டரின் அறைக்கு வெளியே கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் காத்திருப்பார்கள், அம்மையோடு உள்ளே வர வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நியாயம்தான். டாக்டரே கீழே இறங்கி ஆட்டோவுக்கு வந்தார். ஓட்டுநர் ஓரமாக நிழல் பார்த்து வண்டியை நிறுத்தித் தந்தார். டாக்டர் டார்ச் அடித்துத் தொடையைப் பார்த்தார், மித்ராவை நாக்கை நீட்டச் சொன்னார், மித்ரா அவரையும் நீட்டச் சொன்னாள், நீட்டினார். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்துவிட்டது, சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார். மருந்து எழுதினார். சிவப்பு பரவினாலோ, குழந்தை சோர்ந்து கண் திறக்காமல் கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

பிறகு கடைசியாக எப்போது குளிப்பாட்டினீர்கள் என்று கேட்டார். நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் மரத்தைப் பார்த்தார். சட்டம் எங்கள் வீட்டுடையது, பயம் என்னுடையது, இரண்டையும் ஆட்டோவிலேயே சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. காய்ச்சல் இருக்கும்போதுகூடக் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், இன்றைக்கே ஊற்றுங்கள் என்றார். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் வேண்டாம், ஐஸ் வேண்டவே வேண்டாம். நடுங்கும்போது, வாந்தி எடுக்கும்போது, சோர்ந்து கிடக்கும்போது, வலிப்பு வந்து அடங்கிய நேரத்தில் ஊற்றக் கூடாது. சீக்கிரம் முடித்து, காற்று படாமல் துவட்டிவிட வேண்டும். மற்றபடி, தண்ணீர் காய்ச்சலை உள்ளே தள்ளாது, அம்மையையும் உள்ளே தள்ளாது. நான் உடனே, ஊற்றும்போது வலிப்பு வந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் மித்ராவின் கையை எடுத்து என் கைமேல் வைத்தார்.

“பாருங்க, இவ நடுங்கல. நீங்கதான் நடுங்கறீங்க.”

பெங்களூர்த் தீர்ப்பு

ஆட்டோ திரும்பி வரும்போதே மாமனார் பெங்களூருக்குப் போன் போட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் மனைவி குறித்த நாளை மாற்றச் சொல்லி அவர் கேட்டதாக வரலாறு இல்லை. சீழ் வைத்திருப்பதைச் சொன்னார், திரும்பக் காய்ச்சல் வந்ததைச் சொன்னார், டாக்டர் இன்றைக்கே குளிப்பாட்டச் சொன்னதை மட்டும் கொஞ்சம் மென்று விழுங்கிச் சொன்னார். அந்தப் பக்கம் நாத்தனாரின் பிறந்த குழந்தை அழுவது மட்டும் கேட்டது. ஓட்டுநர்கூடத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமியார் சண்டை போடுவார் என்று பதிலை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டு, பயந்துபோய்விட்டாயா என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றேன். அப்புறம் தன் கணவரைக் கூப்பிட்டார். அவர் நாயைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்து வைத்தார். அந்தத் தீர்ப்புக்காக என் கல்யாணத்து நாள் முதல் எழுதி வைத்திருந்த மறுப்புகள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

“நாள் பார்த்தது நான்தானே, நானே மாத்திக்கறேன். இன்னிக்கே ஜலம் விடுங்கோ, அம்பாள்கிட்ட நான் பேசிக்கறேன். அந்த நாய்க்கும் சேர்த்துப் பேசறேன், போனை வையுங்கோ.”

ஒத்திகை

மொட்டை மாடியில் பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தார் மாமனார். அது சூடேறுவதற்குள் ஜாங்கிரியின் குளியலை முடித்துவிடலாம் என்று அவர் யோசனை. தனி வாளி, தனி மூலை. எனக்கு ஒத்திகை பார்த்த மாதிரியும் இருக்கும் என்றார். என் நடுக்கத்தை அவரும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து ஊற்ற, அவர் ஷாம்பூவைத் தேய்த்தார். காதுக்குள் தண்ணீர் போகாமல் கையால் மறைத்துக்கொண்டார். பத்து நிமிடம் ஊற வேண்டுமே, அதற்குக் கடிகாரம் பார்க்காமல் ஒரு ஸ்லோகத்தை ஆரம்பித்தார். முழுசாகச் சொன்னால் சரியாக இருக்குமாம். ஜாங்கிரி முக்கால் ஸ்லோகம் வரைக்கும் பக்தியோடு நின்றான். அதற்குமேல் பொறுக்காமல் தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறினான். நெற்றியில் இட்டிருந்ததெல்லாம் வழிந்து, மீசையில் நுரையோடு நின்றார் மாமனார். மித்ரா அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மை கண்ட நாளுக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

“சிரி, நன்னா சிரி. மூணு வேளை ஸ்நானம் பண்றவனுக்கு இன்னிக்கு நாலாவது வேளையும் ஆயிடுத்து.”

முதல் சொம்பு

மாமனார் நாயை அலசித் துவட்டி, வெயில் படும் இடத்தில் கட்டினார். நான் மித்ராவின் நெற்றியைப் பார்த்தேன். மருந்து வேலை செய்திருந்தது, சூடு குறைந்திருந்தது. நடுக்கம் இல்லை. தெளிவாக இருந்தாள், வேப்பிலையை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தள்ளிப் போடுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முழங்கையை அண்டாவுக்குள் விட்டேன். சுடவும் இல்லை, சில்லென்றும் இல்லை. என்னைத் தவிர எல்லாம் தயாராக இருந்தது.

புண் ஆறியதும், சிவப்பு வடிந்ததும், காய்ச்சல் விட்டதும் அடுத்தடுத்த நாட்களில் நடந்தவை. மருந்தா, தண்ணீரா, பெங்களூர் பேச்சுவார்த்தையா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டேன். தொடையில் சின்னதாக ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த மொட்டை மாடியில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. சொம்பில் மொண்டேன். பாதி வழியிலேயே தளும்பிக் கொட்டியது. மாமனார் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். முதல் சொம்பை அவள் பாதத்தில் விட்டேன். முகத்தைப் பார்த்தேன். முழங்காலில் விட்டேன். கண்ணைப் பார்த்தேன். குளிருதாடா என்றேன். இல்லை என்றாள். கை எப்படி இருக்கு என்றேன். காட்டினாள். தோளில் கொஞ்சம் விட்டு, குளிருதாடா கண்ணா, அம்மாவைப் பாரு, அம்மாவையே பாரு, குளிருதா என்று நான் சொல்லிக்கொண்டே போக, மித்ரா இரண்டு கண்ணையும் இறுக்க மூடி, தலையை என் பக்கமாக நீட்டினாள்.

“அம்மா, நீ பேசாம ஊத்து.”

ஊற்றினேன். அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது: காய்ச்சல் குழந்தையையும் சொறி நாயையும் குளிப்பாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கீழே இறங்கி வரும் ஒரு டாக்டர், முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு கால்நடை டாக்டர், பள்ளம் பார்த்து ஓட்டும் ஓர் ஆட்டோக்காரர், துண்டோடு ஒரு மாமனார், அம்பாளோடு பேச்சுவார்த்தையில் ஒரு மாமியார் என்று இத்தனை பேர் இருந்தால் ஒரு அம்மா தன்னந்தனியாகவே செய்துவிடலாம்.